மருந்து அடித்த பன்னிரண்டு பெட்டிகள்

விவசாயிகள் சங்கத்து ஆண்டு மலரில் என் அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருக்கிறார்கள். படம் வேறு. படத்தில் அக்கா சிரிக்கிறாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் இருக்கும். அதுவும் படம் எடுத்தவர் தவிட்டுக் குவியலில் கால் வைத்து வழுக்கி விழப் பார்த்தார், அதற்காக. கட்டுரைக்குத் தலைப்பு ‘பொறுமையின் மறுபெயர்’.

பொறுமையாம். என் அக்காவுக்காம். பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் திட்டுகிற பிறவி அது. பேருந்து ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் நடத்துநரிடம் காரணம் கேட்டு, அந்தக் காரணம் சரியில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் சீட்டு வாங்குவாள். கட்டுரை எழுதினவர் மொத்தமாக அரை மணி நேரம் இருந்தார். இரண்டு டீ குடித்தார், பை நிறையக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போனார். போய், ‘அதிகாரிகள் மண்ணைப் பரிசோதித்து மிகுந்த அக்கறையுடன் அந்த மரக்கூட்டத்தைக் காப்பாற்றினார்கள்’ என்று எழுதியிருக்கிறார்.

அக்கறையாம். வயிறு எரிகிறது.

காவலாளி அண்ணனைப் பற்றி அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: ‘தச்சரான தம்பி தரமான பெட்டிகள் செய்து கொடுத்து உதவினார்.’ அதைப் படித்துவிட்டு உளியைக் கீழே வைத்தவன்தான், இன்னும் எடுக்கவில்லை. நடந்தது என்ன என்று நானே எழுதிவிடுகிறேன். எனக்கு எழுத்து வராது, கோபம் வரும். இதற்கு அது போதும்.

அக்கா ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சோறு வடிக்கிறவள். தினம் முந்நூறு பேருக்கு. அரிசியைக் கையில் எடுத்து இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அரை ஏக்கர் காய்கறி நிலம் வைத்திருந்தார். நல்ல மனுஷன், ஆனால் மூட்டை கணக்கில் ரசாயன உப்பு உரம் கொட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு மூட்டை என்றால் இவர் மூன்று. கடைசியில் அந்த நிலத்தில் மண்வெட்டி போட்டால் டங் என்று சத்தம் வந்தது. ஒருநாள் அதே நிலத்தில் மண்வெட்டியோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மறுவாரம் அக்கா நிலத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அழுவாள் என்று நினைத்து. அழவில்லை. ஒரு கட்டி மண்ணை எடுத்து வரப்புக் கல்லில் ஓங்கி அடித்தாள். உடையவில்லை. “என்னடா இது, செங்கல்லா” என்றாள். அன்றைக்கு அந்த மண்மேல் வந்த கோபம்தான் பதினைந்து வருஷம் அவளை ஓட வைத்தது.

எங்கேயோ ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இவள் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாள். விஷயம் இதுதான். மண்ணுக்கு வேலை செய்கிறது உரம் இல்லை, மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். நம் நிலத்தில் அவை செத்துப்போயிருந்தால் பக்கத்திலேயே யாரும் கை வைக்காத மரத்தடியில் இருக்கும். போய்க் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? சோறு போட்டு.

இதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தண்ணீர் கொஞ்சம் குறைத்து, பருக்கை பருக்கையாகச் சோறு வடிப்பாள். நன்றாக ஆறவிட்டு மரப்பெட்டியில் முக்கால் அளவு போடுவாள், கை படாமல், மரக்கரண்டியால். அமுக்கக் கூடாது, காற்று வேண்டும். மேலே காகிதம் மூடிக் கயிறு கட்டி, எலி வராமல் கம்பிவலை சுற்றி, மரத்தடியில் இலைமக்குக்குள் புதைத்துவிட்டு வருவாள். ஐந்தாம் நாள் திறந்தால் சோற்றின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கும். வெள்ளை என்றால் நல்லது. கறுப்பு வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வெள்ளைச் சோற்றைச் சம எடை வெல்லத்தோடு பிசைந்து மண்பானையில் ஒரு வாரம் வைப்பாள். பிறகு தண்ணீரில் கரைத்துத் தவிட்டில் கலந்து, சிமெண்டுத் தரையில் இல்லை, மண்தரையில் குவித்து மூடுவாள். குவியல் தானே சூடாகும். தினம் காலையில் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு வந்தால் உடனே புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கிறது வெந்து செத்துப்போகும். கடைசியில் அதில் சம அளவு மண்ணைக் கலந்து வயலில் தூவ வேண்டும். மூன்று வருஷத்தில் அந்தச் செங்கல் பொலபொலவென்று ஆனது. ஆறாம் வருஷம் வெறும் கையால் செடி நட்டாள். ஊரே வந்து பார்த்தது.

வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பாட்டில் இருந்தது, கொஞ்சம் கொடுங்கள் என்று. ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. சோறு வடிக்கச் சொல்லிக் கொடுப்பாள், நாள் பூராவும் கூட நின்று காட்டுவாள், பானையை மட்டும் தொட விடமாட்டாள். கஞ்சம் இல்லை அது. இந்த மரத்தடியில் பிறந்தது இந்த மண்ணுக்குத்தான் பழக்கம், அவரவர் மண்ணில் பிறந்ததை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. “உங்க வீட்டுப் பக்கத்துல ஒரு மரம்கூடவா இல்ல” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். மலரில் இதைத்தான் ‘புன்னகையோடு வழிகாட்டுவார்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அவளுடைய மரத்தடி எது என்று சொல்ல வேண்டும். குடிநீர் வாரியத்தின் பழைய பம்பு நிலையத்துக்குப் பின்னால், மதிலுக்குள், இரண்டு ஏக்கருக்கு மரங்கள். நாற்பது வருஷமாக அங்கே யாரும் பெருக்கவில்லை, கொத்தவில்லை, கொளுத்தவில்லை. உள்ளே கால் வைத்தால் கணுக்கால் வரை இலைக்குள் இறங்கும். வெளி ஆட்கள் நுழையக் கூடாது என்று பலகை இருந்தது. பலகைக்குப் பக்கத்தில் காவலாளி அண்ணன் இருந்தார். ஊரில் அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர் வாயைத் திறப்பதே இல்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை போனபோது என்ன என்று கேட்டாராம். இவள் ஒரு மணி நேரம் விளக்கினாளாம். அவர் “சரி தங்கச்சி” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாராம். பதினைந்து வருஷம் அந்தக் கதவு அவளுக்குத் திறந்தே இருந்தது. மழை வந்தால் அவரே போய்ப் பெட்டிகளின் மேல் தகரம் போட்டு மூடிவிட்டு வருவார்.

பிறகு வாரியத்துக்குப் புது என்ஜினீயர் வந்தார். வந்த மூன்றாம் மாதம், அந்த இடம் சும்மா கிடக்கிறது, மரத்தை வெட்டிச் சமப்படுத்தித் தண்ணீர் லாரிகள் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று கோப்பு எழுதினார். செத்த மண், பாம்புப் புற்று, பயனில்லாத மரங்கள் என்று அதில் எழுதியிருந்தது. செத்த மண் என்ற வார்த்தை எப்படியோ அக்கா காதுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஏழு மனு எழுதினாள். வாரியத் தலைவியின் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றாள். கடைசியில் மூன்று பேர் குழு போட்டார்கள்: தலைவி, என்ஜினீயர், வெளியிலிருந்து ஒரு மண் பரிசோதனை அதிகாரி. அந்த அதிகாரி சின்ன வயசுப் பெண், நியாயமானவள். மண் உயிரோடு இருக்கிறது என்றால் காட்டுங்கள் என்றாள். அக்கா பன்னிரண்டு பெட்டி வைக்கிறேன், ஆறாம் நாள் நீங்களே திறந்து பாருங்கள் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை பெட்டி புதைப்பது, சனிக்கிழமை திறப்பது, அடுத்த புதன்கிழமை குழு கூடி முடிவு சொல்வது. பெட்டி வெளுத்தால் மரம் நிற்கும், இல்லையென்றால் விழும்.

இங்கேதான் நான் வருகிறேன், தரமான பெட்டிகளோடு.

அதுவரை அவளிடம் இருந்தது எல்லாம் நான் பழம் வந்த பெட்டிப் பலகையில் அவசரத்துக்கு அடித்துக் கொடுத்த பெட்டிகள். அடிப்பலகை எல்லாம் உளுத்துப் போயிருந்தது. பெரிய அதிகாரிகள் வந்து பார்க்கப்போகிறார்கள், இதைப் போயா வைப்பாள் என் அக்கா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய பெட்டியே போதும் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. அளவெடுக்கிறேன் என்று பழையதை எல்லாம் பட்டறைக்குக் கொண்டுவந்து, அளவெடுத்த கையோடு பசை காய்ச்சும் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். நல்ல மரத்தில் பன்னிரண்டு புதுப்பெட்டி செய்தேன். ஆணி கிடையாது, மூலைக்கு மூலை பல்லுக்குப் பல் கோத்த இணைப்பு. முடித்து, மண்ணில் படுகிற எந்த மரத்துக்கும் செய்வது போல மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். கரையான் வராது, பூசணம் பிடிக்காது.

மறுபடியும் படியுங்கள். பூசணம் பிடிக்காது. டப்பாவின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பதினைந்து வருஷமாக அக்கா பூசணம் பூசணம் என்று என் காதில் ஓதியிருக்கிறாள். என் புத்தியில் என் பூசணம் வேறு, அவள் பூசணம் வேறு. என்னுடையது ஜன்னல் சட்டத்தைத் தின்கிற சனியன். அவளுடையது ஏதோ சோற்றில் வருகிற சத்து. இரண்டும் ஒரே சாதி என்று மண்டையில் உறைக்கவே இல்லை. முப்பது வருஷம் மருந்து அடித்தே பழகிய கை, அடித்துவிட்டது.

சோறு போடுகிற அன்றைக்கு அக்கா ஒரு பெட்டியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். என்னமோ வாடை வருகிறதே, வார்னிஷ் அடித்தாயா என்று கேட்டாள். வார்னிஷ் இல்லை என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. புது மரம்தான் வாடை என்று அவளும் விட்டுவிட்டாள், தம்பி செய்த பெட்டி ஆயிற்றே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் மரத்தடியில் நின்றோம். என்ஜினீயர் இலைக்குள் ஷூ இறங்கக் கூடாது என்று ஒரு பலகை போட்டு அதன்மேல் நின்றார். அதிகாரிப் பெண்ணுக்குச் சளி, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அக்கா முதல் பெட்டியைத் திறந்தாள். சோறு மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் ஓரத்தில் நாலு கறுப்புப் புள்ளி. பன்னிரண்டையும் திறந்தாள். ஒரு பருக்கையில்கூட வெள்ளை இல்லை.

பெட்டிகளிலிருந்து ஈர ஆவியோடு வாடை கிளம்பியது. காய்ந்த மரத்தில் தெரியாதது ஈரச்சோறு பட்டதும் வெளியே வந்துவிட்டது. என் பட்டறை வாடை.

அக்காவுக்கும் வாடை வந்தது. இங்கே யாரோ மருந்து அடித்திருக்கிறார்கள் என்றாள். சுற்றிப் பார்த்தாள். அந்த மதிலுக்குள் ராத்திரி பகல் இருக்கிற ஆள் ஒருத்தர்தான். நேரே காவலாளி அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“யாருக்காக அடிச்சீங்க?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விடவில்லை. பதினைந்து வருஷம் அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்ட வாயால் என்னென்னவோ சொன்னாள். சோறு போட்ட இடத்தில் விஷம் வைத்தவன் என்றாள். கதவைத் திறந்துவிட்டதே இதற்குத்தான் என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என்னைத்தான் நேராகப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

என்ஜினீயர் பலகையைவிட்டு இறங்காமலே சொன்னார், அம்மாவே சொல்லிவிட்டார்கள், மண்ணில் விஷம் இருக்கிறது, இனி இது எதற்கு ஆகும் என்று. அதிகாரிப் பெண் குறிப்பேட்டை மூடிக்கொண்டாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. “நான்தான் மருந்து அடிச்சேன்.” சொல்லவில்லை. என்ஜினீயர் முன்னால் சொன்னால் என் தொழில் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று நினைத்தேன். அக்கா என்னைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன். ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. இரண்டு நாளும் பட்டறையில் மரத்தை இழைத்து இழைத்து, நாலு அங்குலச் சட்டத்தை மூன்று அங்குலம் ஆக்கினேன். என் மனைவி என்ன என்று கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன். என்ஜினீயர் மேல் கோபம் வந்தது, மருந்து டப்பா மேல் கோபம் வந்தது, என்னிடம் பெட்டி கேட்ட அக்கா மேல்கூட வந்தது. அவள் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். அக்கா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன், டப்பா, தொட்டி, ஒரு வார வெயில் எல்லாவற்றையும். திட்டுவாள், பாத்திரத்தை எறிவாள் என்று தயாராக நின்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

“எங்கிட்ட ஏண்டா சொல்ற” என்றாள். “அவர்கிட்ட வந்து சொல்லு.”

எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். காவலாளி அண்ணன் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாவிப் பலகை, அவ்வளவுதான் அந்த அறை. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கேட்டார்:

“அப்போ என்ஜினீயர் சொல்லி நீங்க செய்யலையா?”

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அவர் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். வியாழக்கிழமை தூறல் போட்டிருக்கிறது. தகரம் மூடப் போனவருக்குப் பெட்டியிலிருந்து வாடை அடித்திருக்கிறது. அவர் வீட்டு ஜன்னலுக்கு நான்தான் சட்டம் போட்டேன், அந்த வாடை அவருக்குத் தெரியும். தச்சர் விலைபோய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். சொந்தத் தம்பியே இப்படிச் செய்தான் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது, தெரிந்தால் தாங்குமா என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் அவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு, அதற்காகத்தான் மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. “விடு தங்கச்சி” என்று அவரே எழுந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்தார்.

மேசை இழுப்பறை. வாரியத்து மேசையின் இழுப்பறை, மருந்தும் வார்னிஷும் பார்க்காத பழைய பலகை. அப்போதுதான் பார்த்தேன், மேசையில் அந்த இடம் ஓட்டையாக இருந்தது. மேலே காகிதம், காகிதத்துக்கு மேல் கயிறு, கயிற்றுக்கு அக்கா போடுகிற அதே முடிச்சு. வியாழக்கிழமை மத்தியானம் தன் சாப்பாட்டுச் சோற்றை ஆறவைத்து அதில் போட்டு, பன்னிரண்டு பெட்டிக்கு நாலடி தள்ளி, அதே மரத்தடியில் புதைத்திருக்கிறார். மண் செத்துவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்ததாம். அன்று காலையில்தான் தோண்டி எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, யாரிடமும் காட்ட முடியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார். காட்டினால் நான் துரோகி என்று ஆகிவிடும்.

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. பதினைந்து வருஷத்தில் அவளே அப்படிப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாள். அப்போது சொல்லவில்லை. அந்த இழுப்பறையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமா போனபோது அழாதவள்.

புதன்கிழமை குழு முன்னால் நான் சொன்னேன். என்ஜினீயர், அக்காவுக்காகத் தம்பி கதை கட்டுகிறார் என்றார். மருந்து டப்பாவையும் ஒரு பெட்டியையும் இழுப்பறையையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அதிகாரிப் பெண்ணுக்குச் சளி விட்டிருந்தது. பெட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள், டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தாள், இழுப்பறையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். தலைவியும் அவளும் ஒரு பக்கம், என்ஜினீயர் ஒரு பக்கம். மரங்கள் பிழைத்தன.

மலரில் கதை இங்கே முடிகிறது. அதிகாரிகளின் அக்கறை வாழ்க.

அடுத்த வாரம் காவலாளி அண்ணனுக்கு ஒரு தாள் வந்தது. அலுவலகத் தளவாடத்தை மண்ணில் புதைத்தது ஒன்று. அனுமதி இல்லாத ஆளைப் பதினைந்து வருஷம் உள்ளே விட்டது இரண்டு. பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற ஒரு பம்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுபெற அவருக்கு இரண்டே வருஷம் இருந்தது. அக்கா என்ஜினீயர் அறைக்குப் போய்ப் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. நாற்காலியைத் தூக்கப் பார்த்தாளாம். அது நான் செய்த நாற்காலி, கனம், தூக்க முடியவில்லை. தலைவியிடம் போனாள். நிர்வாக விஷயம், தலையிட முடியாது என்றார்கள். இரண்டு ஏக்கர் மரத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு மனுஷனைக் காப்பாற்ற விதி இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அவர் பேருந்து ஏறினார். அன்றைக்கும் அக்காவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பேருந்து போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். பதினொரு மாதம். பெட்டிகளைப் பழக்கடையில் வாங்கிக்கொண்டாள். என் பட்டறை வழியாகத்தான் வயலுக்குப் போக வேண்டும், எதிர்ச்சாரியில் நடந்து போவாள். என் மனைவி கொடுத்தனுப்பிய பலகாரம் அப்படியே திரும்பி வந்தது. தெரியாமல் செய்த தப்புக்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்கும் ஆத்திரம்தான். நானும் வீம்பாக இருந்தேன்.

போன மாதம் ஒருநாள் காலை, பட்டறையில் நாலு வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போது வந்து நின்றாள். ஒரு பெட்டி வேண்டும் என்றாள், ஏதோ நேற்றுத்தான் பேசியது போல. காவலாளி அண்ணனிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. அங்கே அறைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதாம், கல் மாதிரி மண்ணாம், உன் பானையிலிருந்து கொஞ்சம் கொடுத்தனுப்பு தங்கச்சி என்று கேட்டிருக்கிறார். அவருக்காவது கொடுத்தனுப்பலாமே என்று கேட்டேன்.

“இங்க இருக்கிறது அங்க எதுக்கு. அங்கயும் மரம் இருக்குமில்ல. நான் போறேன். அஞ்சு நாள் இருந்து சோறு வடிச்சு எடுத்துக் குடுத்துட்டு வரேன்.”

சமையல்கூடத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டாளாம். இருபத்தாறு வருஷத்தில் மாமா இறந்ததற்குத் தவிர அவள் இப்படிச் சேர்ந்தாற்போல் லீவு போட்டதே இல்லை. ஒரு காவலாளியின் கொல்லைப்புறத்தில் ஐந்து நாள் மண்ணில் உட்காரப் போகிறாள். வாயில் வராத வார்த்தைக்கு அவளுக்குத் தெரிந்த வழி அது.

வாடிக்கைக்காரர்களை நிற்கவைத்துவிட்டு அங்கேயே செய்ய ஆரம்பித்தேன். வெறும் பலகை, நாலு மூலைக்கும் ஆணி. அடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், தெரியாமல்தானே அக்கா மருந்து அடித்தேன், அதற்கா பதினொரு மாதம் என்று.

“மருந்து அடிச்சதுக்கு நான் கோவிச்சுக்கலடா” என்றாள். “சனி, ஞாயிறு, திங்கள். மூணு நாள் அந்த மனுஷனை அந்தப் பேரோட உக்கார வெச்சியே. அதுக்கு.”

பெட்டியைக் கொடுத்தேன். வாங்கியவள் அப்படியே எடுத்துக்கொண்டு போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை மூக்குக்கு நேராகத் தூக்கினாள். நாலு பக்கமும், அடிப்பலகையும், உள்ளேயும், ஒவ்வொன்றாக, நிதானமாக மோந்து பார்த்தாள். அந்த ஒரு காரியத்தில் அவளுக்கு நிஜமாகவே பொறுமை இருந்தது. பிறகு “சரி” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

திரும்பி வந்த பிறகு இதுவரை ஆறு பெட்டி வாங்கியிருக்கிறாள். ஆறையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.